செய்யாமல் விட்ட செலவு

2024 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, என் காரை எஃப்.சி.க்கு எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பளபளவென்று இரண்டு வண்டிகள். பின்னால் ஒரு வேன். நடுவில் என் வெள்ளை மாருதி 800. 1999 மாடல். ஆர்.சி. புக்கில் வருஷத்தைப் பார்த்த இன்ஸ்பெக்டர், ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை வண்டியைப் பார்த்தார்.

"இது இன்னுமா சார் ஓடுது?"

"ஓட்டித்தான் சார் வந்தேன்."

ஹார்ன், லைட், வைப்பர், பிரேக், புகை எல்லாம் பார்த்தார். சேஸிஸ் நம்பரைத் தேய்த்து எடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "நல்லா வெச்சிருக்கீங்க சார்" என்றார்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியானவன் இல்லை. அதில் முதல் பதினெட்டு வருஷம் அப்பாவுடையது. அடுத்த இரண்டு வருஷம் வெட்கக்கேடு. மீதி, அந்த வெட்கக்கேட்டுக்கு நான் கட்டிக்கொண்டிருக்கும் வட்டி. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அப்பா அரசாங்க ஆபீஸில் ஹெட் கிளார்க். 1999-ல் ஆபீஸ் லோன் போட்டு, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க்கு இந்த காரை வாங்கினார். அப்போது நான் பி.காம். இரண்டாம் வருஷம். கார் வீட்டுக்கு வந்த அன்று அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். நான் டேப்ரெக்கார்டரில் பாட்டுப் போட்டேன். அப்பா ஒரு 200 பக்க நோட்டு வாங்கி வந்து ஸ்கேலை வைத்துக் கோடு போட்டார். தேதி, கிலோமீட்டர், வேலை, ரூபாய். நாலே நாலு காலம்.

மாருதி 800-ஐப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றது. அந்த முப்பது வருஷத்தில் இந்தியாவில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்றைய சில மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின் இதைவிடப் பெரிது. ஆனால் அன்றைக்கு ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அதுதான் தேர்.

அந்த வருஷம் எனக்கு காலேஜில் தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கற்றதை யாரிடமாவது காட்டியாக வேண்டும் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "அப்பா, இந்தக் கணக்கு தப்பு. இதுல டிப்ரிசியேஷனே காட்டலையே. வருஷத்துக்கு 15 பர்சன்ட் கழிச்சா, அஞ்சு வருஷத்துல உங்க கார் மதிப்பு பாதிக்கும் கீழ போயிடும்."

அப்பா கையில் எண்ணெய்த் துணியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"புக்ல போனா போகட்டும்டா. ரோட்டுல போகுதான்னு பாரு."

ஹெட் கிளார்க்குக்கு அக்கவுன்டன்ஸி தெரியவில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

அப்பாவிடம் ஒரு வினோதப் பழக்கம் இருந்தது. நன்றாக இருக்கும் பொருளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார். ரேடியேட்டர் ஹோஸ் நன்றாகத்தான் இருக்கும், மாற்றுவார். ஃபேன் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், மாற்றுவார். பழையதை டிக்கியில் ஸ்பேராகப் போட்டுக்கொள்வார். கிழிந்த பனியனைத் தைத்துப் போட்டுக்கொள்கிற மனுஷர், கிழியாத ஹோஸுக்கு 200 ரூபாய் கொடுப்பதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஓடுறதை ஏம்ப்பா மாத்துறீங்க?"

"நின்னப்புறம் மாத்தணும்னா, எங்க நிக்கணும்னு அது முடிவு பண்ணும். இப்ப மாத்தினா நான் முடிவு பண்ணுவேன்."

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தெருவில் கார் சீட் வரை தண்ணீர். வடிந்த மறுநாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் 'வண்டி ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பினார். 'டங்' என்று ஒரே சத்தம். அவ்வளவுதான், எஞ்சின் போச்சு. சிலிண்டருக்குள் காற்று இருந்தால் பிஸ்டன் அதை அமுக்கும். தண்ணீர் இருந்தால்? தண்ணீரை அமுக்க முடியாது. தண்ணீர் விட்டுக்கொடுக்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? என்மீது நம்பிக்கை இல்லாமல் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக் வரும்வரை நான்கு நாள் யாரையும் வண்டியைத் தொடவிடவில்லை. ஆயிலை இறக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரை வெளியேற்றி, டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரைக் கழுவி, சீட்டுகளைக் கழற்றி மொட்டை மாடியில் காயப்போட்டு... ஐந்தாம் நாள் கிளம்பியது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி என்பதால் பிழைத்தது என்றார் மெக்கானிக் அண்ணன். பொறுமை இருந்ததால் பிழைத்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

2017-ல் அப்பா போய்விட்டார். நோட்டு டேஷ்போர்டிலேயே இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. துக்கம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை, சோம்பேறித்தனம். பத்திரிகை வேலை, ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஆபீஸ். பெட்ரோல் போடுவேன், ஓட்டுவேன், நிறுத்துவேன். இரண்டு வருஷம். செலவே வைக்கவில்லை. 'பாரேன், அப்பா வீணாகச் செலவு செய்தார். நான் தொடவே இல்லை, வண்டி ஜம்மென்று போகிறதே' என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த இரண்டு வருஷமும் அம்மா ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தார். "கும்பகோணம் ஒரு நடை போயிட்டு வரலாம்டா. அண்ணனுக்கு முடியலையாம். பார்த்துட்டு வந்துடலாம்." அண்ணன் என்றால் என் பெரிய மாமா. கும்பகோணத்திலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் அவர் ஊர். "அடுத்த மாசம் போலாம்மா" என்பேன். அந்த மாதம் வரும்போது அதற்கு அடுத்த மாதம்.

2019 பிப்ரவரியில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போன் வந்தது. மாமா தவறிவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். 'பஸ்ஸில் அம்மாவால் உட்கார முடியாது, காரிலேயே போய்விடலாம், மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம்' என்று ஆறு மணிக்குக் கிளம்பினோம். தாம்பரத்தில் நிறுத்தி அம்மா ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

திண்டிவனம் தாண்டிக் கொஞ்ச தூரம். எட்டரை மணி இருக்கும். டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. கவனித்தேன். ஒரு டீக்கடை வரட்டும், நிறுத்தலாம் என்று நினைத்தேன். அதற்குள் முள் தானாகவே கீழே இறங்கியது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று சந்தோஷமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

கார் வைத்திருக்கும் எல்லோரும் இந்த இடத்தை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். அந்த முள், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் மொத்தமும் ஒழுகிப் போய்விட்டால், அளக்கிற சென்ஸார் வெறும் காற்றில் நிற்கும். முள் இறங்கிவிடும். 'குளிர்ந்துவிட்டது' என்று அர்த்தம் இல்லை, 'அளப்பதற்கு இங்கே ஒன்றும் மிச்சமில்லை' என்று அர்த்தம். சூடு திடீரென்று ஏறி திடீரென்று இறங்கினால், அடுத்த நொடி வண்டியை ஓரம் கட்டுங்கள்.

நான் கட்டவில்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் வண்டியே கட்டிக்கொண்டது.

பானெட்டைத் திறந்தால் ஆவி. மேல் ஹோஸ் விரல் நீளத்துக்குப் பிளந்து தொங்கியது. திண்டிவனத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சேர மணி பத்து. டிக்கியில் அப்பா போட்டு வைத்திருந்த பழைய ஹோஸ் கிடந்தது. அதையே மாட்டி, தண்ணீர் ஊற்றினார். முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணியில்லாம ஓடியிருக்கு. ஹெட்டு வளைஞ்சிருக்கலாம். இதுல தூரம் போகாதீங்க. அம்மாவை இட்டுக்கிட்டு பஸ்ஸோ டாக்ஸியோ ஏறிடுங்க."

நல்ல மனிதர். முன்பின் தெரியாதவனிடம் வேலைக்கு மேல் ஒரு உண்மையைச் சொன்னார். நான்தான், 'மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது' என்று பதினொன்றே கால் மணிக்குக் கிளம்பினேன். பண்ருட்டி தாண்டியதும் பின்னால் வெள்ளைப் புகை. எஞ்சின் திணறி நின்றது. ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன.

டாக்ஸி கிடைக்க மணி இரண்டு. ஊருக்குப் போய்ச் சேரும்போது ஐந்து.

நாலரை வரை அம்மாவுக்காக வைத்திருந்தார்களாம். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் இறங்கும்போது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. அம்மா அந்த ஈர வாசலில் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். காலையில் வாங்கிய ரோஜா, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தை வந்து வாங்கிக்கொண்டார்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போகும்போதும், திரும்பி வரும்போதும்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பார்த்து, கேஸ்கெட் மாற்றி, கூடவே தேய்ந்திருந்ததையெல்லாம் மாற்றியதில் 14,000 ரூபாய் ஆயிற்று. வெடித்த ஹோஸின் விலை 250 ரூபாய். எனக்கு அந்த காரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று ஆள் பேசிவிட்டு, அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"வண்டி என்னடா பண்ணும்?"

அன்றைக்கு ராத்திரிதான் டேஷ்போர்டிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். மூன்றாவது நோட்டு அது. முதல் இரண்டும் அலமாரியில் இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஆடிட்டர் மாதிரி விரலை ஓட்டினேன். 'ஹோஸ், பெல்ட் மாற்றம்' என்ற வரி 2003-ல் இருந்தது. அப்புறம் 2006. அப்புறம் 2009, 2012, 2015. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, தவறாமல். 2018-க்கு வரி இல்லை. எழுத ஆள் இல்லை.

அப்பா எனக்கு எந்தக் கடிதமும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நோட்டு அந்தக் காரியத்தைச் செய்து வைத்திருந்தது. நான்தான் பிரித்துப் படிக்கவில்லை.

பி.காம். படித்தவன் என்ற முறையில் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கணக்குப் புத்தகத்தில் செய்த செலவு எல்லாம் வரும். வரவேண்டிய பணம் வரும், கொடுக்கவேண்டிய பணம் வரும். தேய்மானம் என்ற கண்ணுக்குத் தெரியாத வஸ்து கூட வரும். ஆனால் செய்யாமல் விட்ட செலவு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மட்டும் எந்தப் பக்கத்திலும் இடம் கிடையாது. அந்த வருஷக் கணக்கில் அது லாபம் மாதிரியே தெரியும். நான் இரண்டு வருஷம் பெருமையடித்துக்கொண்ட சேமிப்பு அதுதான். அது சேமிப்பு இல்லை, கடன். எப்போது கேட்டு வருவான் என்று தெரியாத கடன்காரன்.

பழைய காரை நம்ப முடியாது என்று சொல்கிறோம். வயதாகிவிட்டது, நடுவழியில் கழுத்தை அறுக்கும் என்கிறோம். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார் இருந்தார். 1966-ல் ஒரு சிவப்பு வால்வோ பி1800எஸ் வாங்கினார். தினமும் அதில் 125 மைல் வேலைக்குப் போய்வந்தார். 2013 செப்டம்பரில், அலாஸ்காவில், அந்த ஒரே கார் 30 லட்சம் மைலைத் தாண்டியது. 2018-ல் அவர் இறந்தபோது 32 லட்சத்துக்கும் மேல். நம் கணக்கில் 51 லட்சம் கிலோமீட்டர். நிலாவுக்கு ஆறு தடவை போய்த் திரும்பிவிட்டு, இன்னும் மிச்சம் இருக்கும். அவர் செய்த மந்திரம் என்ன? கம்பெனி கொடுத்த புத்தகத்தில் எப்போது எதைச் செய்யச் சொல்லியிருந்ததோ, அப்போது அதைச் செய்தார். ஆயிலை நேரத்துக்கு மாற்றினார். அவ்வளவுதான். மேஜிக் இல்லை, டைம்டேபிள்.

மெக்கானிக் அண்ணன் எனக்கு அப்புறம் பாடம் எடுத்தார். "தம்பி, கார்ல ரெண்டு கடிகாரம் இருக்கு. ஒண்ணு கிலோமீட்டர். இன்னொண்ணு காலண்டர். எல்லாரும் மீட்டரைத்தான் பார்க்குறாங்க. 'வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?'னு கேக்குறாங்க. நிறுத்தி வெச்சிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும்ல?"

காலண்டரில் வயதாகிற சாமான்களை அவர் வரிசையாகச் சொன்னதை, உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் எழுதுகிறேன்.

கூலன்ட்: அதில் துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் மருந்து, காலம் ஆக ஆக வீரியம் இழக்கும். அதன் இடத்தில் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கெட்டில் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரிலும் படியும்.

பிரேக் ஆயில்: இது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். இரண்டு வருஷம் ஆனால் மாற்றிவிடுவது நல்லது. ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும். ஊட்டியிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த நேரத்தில் குலதெய்வம் ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

டயர்: பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், அதைப் பாருங்கள். 3219 என்றிருந்தால் 2019-ம் வருஷத்தின் 32-வது வாரம் செய்தது. டயரின் பிறந்த தேதி அது. ஸ்டெப்னிக்கும் பாருங்கள். பல பேர் காரில் ஸ்டெப்னிதான் வீட்டிலேயே மூத்தவர்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்து, 2025-ல் நாடு முழுக்கப் பரவிவிட்டது. என் வண்டி பிறந்த காலத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. எத்தனால் பழைய காலத்து ரப்பரை உப்ப வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் பெட்ரோல் ஹோஸையும், கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். பெட்ரோல் வாசனை லேசாக வந்தாலும் வண்டியை எடுப்பதில்லை.

பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரைப் பார்ப்பதற்கு முன்னால், அதற்கு எத்தனை அக்கா தங்கைகள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 800-க்கு இன்னும் ஸ்பேர் கிடைக்கிறதென்றால் காரணம், லட்சக்கணக்கில் விற்றது. அதே 796 சி.சி. எஞ்சின் ஆம்னியிலும் 2019 வரை ஓடியது. அசல் கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் ஒரு சுற்று சுற்றினால் ஏதாவது ஆம்புடும். என் நண்பன் ஒருவன் ஆசைப்பட்டு, பத்து வருஷம் ஆன வெளிநாட்டு சொகுசுக் கார் ஒன்றைக் கொள்ளை மலிவாக வாங்கினான். ஒரு ஹெட்லைட் போனது. அதன் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. காருக்குத்தான் தேய்மானம். ஸ்பேருக்குத் தேய்மானம் கிடையாது. அது என்றைக்கும் புதுக் கார் விலைதான்.

சரி, இதெல்லாம் லாபமா என்று கேட்பீர்கள். என் கார் வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. சராசரியாக 18,000 ரூபாய் பராமரிப்பு ஆகிறது. புதுக் காருக்கு ஏழு லட்சம் கடன் வாங்கி, 9 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால், மாதம் 14,500 ரூபாய் வரும். அதோடு ஒப்பிட்டால் லாபம்தான். ஆனால் அந்த ஒப்பீடு முழு உண்மை இல்லை. என் காரில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று வைத்தார்களே, அது சும்மா இல்லை. புகை விஷயத்திலும் இது இன்றைய வண்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. அதனால் 2019-க்குப் பிறகு இதை நான் ஹைவேயில் எடுப்பதில்லை. மார்க்கெட், கோயில், டாக்டர், அவ்வளவுதான் எல்லை. ஊருக்கு என்றால் ரயில்.

எஃப்.சி. கட்டணமும் சும்மா இல்லை. 2022 ஏப்ரலுக்கு முன்னால் 600 ரூபாய். 2024-ல் நான் கட்டியது 5,000. அதற்கு மேல் பசுமை வரி. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எனக்கு அடுத்த முறை 2029-ல். கட்டுவேனா? தெரியாது. அதற்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். "எஞ்சின் செத்தா பொழைக்க வெச்சிடலாம் தம்பி. கீழ தரை அரிச்சு, சேஸிஸ்ல துரு ஏறிடுச்சுன்னா, கும்புட்டு அனுப்பிடணும். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது." கடல் காற்று அடிக்கிற ஊர் இது. ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறோம். இதுவரை பரவாயில்லை.

அன்றைக்கு அப்பாவிடம் நான் காட்டிய அதே பாடத்தில் ஒரு விஷயத்தை அப்போது கவனிக்கவில்லை. தேய்மானத்தில் இரண்டு முறை உண்டு. நேர்கோட்டு முறையில், வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்தால் ஒரு நாள் மதிப்பு பூஜ்யமாகிவிடும். இன்னொன்று, குறைந்து செல்லும் மதிப்பு முறை. மிச்சம் இருப்பதில்தான் 15 சதவீதம் கழிப்பார்கள். இந்தக் கணக்கில் அப்பாவின் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம், 25 வருஷத்தில் 3,600 சொச்சமாகிவிட்டது. ஆனால் எத்தனை வருஷம் கழித்தாலும் பூஜ்யம் மட்டும் வராது. எப்போதும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

2019 மார்ச்சிலிருந்து, மாதத்தின் முதல் ஞாயிறு காலை பானெட்டைத் திறக்கிறேன். ஆயில், தண்ணீர், பிரேக் ஆயில், பெல்ட், ஹோஸ். ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்ப்பேன். கல் மாதிரி இருந்தாலும் தப்பு, கொழகொழ என்று இருந்தாலும் தப்பு. பத்து நிமிஷ வேலை. அம்மா வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவார். அப்பா போட்ட நாலு காலத்தோடு அம்மா ஐந்தாவதாக ஒன்று போட்டிருக்கிறார். அதற்குத் தலைப்பு எதுவும் எழுதவில்லை. 'அத்தைக்குப் போன் பண்ணியாச்சு', 'சித்தப்பாவைப் பார்த்துட்டு வந்தாச்சு' என்று வரிகள் இருக்கும். சில மாதம் காலியாக இருக்கும். அப்போது அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் போனை எடுப்பேன்.

உங்கள் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆயிற்றா என்று நான் கேட்கப் போவதில்லை. ஆகியிருக்கும். என்னுடையதும் அன்றைக்கு ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆயிற்று.

கடைசியாக எப்போது பானெட்டைத் திறந்து பார்த்தீர்கள்?